கெண்டைக்கு இடும் இரை

நெசவாளரும் விவசாயிகளும் படிக்கும் சங்கப் பத்திரிகையில் மீனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் கெண்டை மீனின் வாய்க்குள் போகும் பொருள்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நெல்லைத் தீட்டினால் வருவது தவிடு. நிலக்கடலையை ஆட்டினால் வருவது கடலைப் பிண்ணாக்கு. பருத்தியிலிருந்து பஞ்சைப் பிரித்தபின் எஞ்சும் கொட்டையை ஆட்டினால் வருவது பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு. பட்டுக்கூட்டை வெந்நீரிலிட்டு இழை எடுத்தபின் எஞ்சுவது கூட்டுப்புழு. இவையெல்லாம் நம் அங்கத்தினரின் உழைப்பிலிருந்து கழியும் பொருள்களே. ஆகவே கெண்டைக்கு இடும் இரை நமது விஷயந்தான்.

இந்த இரை விஷயத்தில் இன்று இருவகையினர் தவறான வழியில் செல்கின்றனர் என்பது நமது கருத்து. ஒருவர், பொழுதுபோக்காகத் தூண்டில் போடும் நகரத்து இளைஞர். மற்றவர், பண்ணைக்குட்டையிலோ ஊர்க்குளத்திலோ மீன் வளர்க்கும் விவசாயி. முன்னவர் வண்ண உறையில் வரும் இரையை வாங்கிச் சட்டைப் பையைக் காலி செய்துகொள்கிறார். பின்னவர் கடனுக்குக் கிடைக்கும் தீவன மூட்டையை வாங்கிக் குளத்தில் கண்டபடி வீசி, மீனோடு கடனையும் சேர்த்து வளர்க்கிறார். இருவருமே மறந்துவிட்ட பழைய முறை ஒன்று உண்டு. அதை மீண்டும் எடுத்து ஆராய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏரி இருந்த ஊர்

நாம் இதை எழுதும் கே.கே. நகர் இன்று வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்கும் பகுதி. இதற்குக் கிழக்கே உள்ள மாம்பலத்தையொட்டி முற்காலத்தில் ஒரு பெரிய ஏரி இருந்தது. நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்தமையால் ஆங்கிலேயர் அதனை 'நீண்ட ஏரி' என்றே அழைத்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதில் படகுப் போட்டிகள்கூட நடந்தன. 1920களில் அந்த ஏரியை வற்றச் செய்து தியாகராய நகரை அமைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்று ஏரி இல்லை; லேக் வியூ சாலை என்ற பெயர் மட்டும் இருக்கிறது.

ஏரிகள் குறைந்தனவேயன்றித் தூண்டில் ஆசை குறையவில்லை. சேத்துப்பட்டு ஏரி 2016இல் மீன்வளத் துறையின் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. தூண்டில் பிடிப்பும் அத்திட்டத்தின் ஓர் அங்கமாக இருந்தது. நம் பகுதி இளைஞர் பலர் விடுமுறை நாட்களில் கோலும் நரம்பும் எடுத்துக்கொண்டு நகரை ஒட்டிய ஏரிகளைத் தேடிச் செல்வதை நாம் காண்கிறோம். அதனை நாம் குறை கூறவில்லை. நீர்நிலையருகே அரைநாள் பேசாமல் உட்காரப் பழகியவனுக்கு அந்த நீர்நிலையின்மீது அக்கறை பிறக்கும். அக்கறையுள்ளவர் நாலு பேர் அன்று இருந்திருந்தால் சில ஏரிகளாவது தப்பியிருக்கும்.

குளத்து மீனுக்குத் தூண்டில் போடுவது நம் மாகாணத்தில் நெடுநாள் வழக்கம். சென்னை மாகாண சிவில் சர்வீஸில் உத்தியோகம் பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலை வெளியிட்டார். அது போதாதென்று 1887இல் குளத்துத் தூண்டிலுக்கென்றே 'டேங்க் ஆங்ளிங் இன் இந்தியா' என்று வேறொரு நூலும் எழுதினார். ஆற்று மீனைப் பிடிக்கும் வித்தை வேறு, குளத்து மீனைப் பிடிக்கும் வித்தை வேறு என்பதை அக்காலத்தவர் நன்கு உணர்ந்திருந்தனர்.

பழைய தூண்டில்காரர் செய்தது என்ன?

பழைய முறை மிக எளிது. தூண்டில் போட நினைத்தவர் முதல் நாளே கோலை எடுக்கமாட்டார். கரையில் ஓர் இடத்தைத் தெரிந்தெடுப்பார். அரிசித் தவிட்டை வாசனை எழும்வரை வறுத்து, இடித்த கடலைப் பிண்ணாக்கைக் கலந்து, குளத்துக் களிமண் கொஞ்சம் சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சையளவு உருண்டைகள் நாலைந்து செய்வார். அவற்றை ஒரே இடத்தில், ஒரே வேளையில், இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இடுவார். களிமண் சேர்வதால் உருண்டை நேரே அடியில் போய் நிற்கும். உடனே சிதறாமல் மெல்லக் கரையும். கரையும் வாசனை நீரில் பரவ மீன் அவ்விடத்தையும் அவ்வேளையையும் பழகிக்கொள்ளும். அதன் பிறகே தூண்டில் இறங்கும். முள்ளில் ஏற்றுவது சோற்று உருண்டையாகவோ, கேழ்வரகுக் களியாகவோ, வெல்லம் சேர்த்த கோதுமை மாவாகவோ, மண்புழுவாகவோ இருக்கும். செலவு என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை.

வங்காளத்தார் இதையே கடுகுப் பிண்ணாக்கும் வாசனைச் சரக்குகளும் சேர்த்துச் செய்வர். முள்ளில் செவ்வெறும்பு முட்டையும் ஏற்றுவர். இங்கிலாந்தில் ஐசக் வால்டன் என்பவர் 1653இல் வெளியிட்ட தூண்டில் நூலிலும் கெண்டைக்குப் புழுவும், தேன் சேர்த்துப் பிசைந்த மாவும் சொல்லப்பட்டிருக்கின்றன. அந்நாட்டில் 1952இல் ரிச்சர்டு வாக்கர் 44 இராத்தல் எடையுள்ள கெண்டையைப் பிடித்துப் பெயர் பெற்றார். அவர் முள்ளில் இருந்ததும் ரொட்டிதான். பின்னர் 1960களிலும் 1970களிலும் அங்கே 'பாய்லி' என்ற புதிய இரை தோன்றியது. மாவையும் முட்டையையும் பிசைந்து உருட்டிக் கொதிநீரில் வேகவைப்பதே அது. நம் வீட்டுக் கொழுக்கட்டைக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. இன்று அதே பொருள் சாயமும் வாசனையும் ஏற்றி உறையிலிட்டு நமக்கு விற்கப்படுகிறது.

மேனாட்டார் கையாளும் இன்னொரு சாதனம் இரைக் கூண்டு. சிறு கம்பிக் கூண்டிலோ துளையிட்ட குழாயிலோ தீவனத்தை அடைத்து, முள்ளுக்கு அருகே நரம்பில் கோத்து எறிவார்கள். தீவனம் முள்ளிருக்கும் இடத்தில் மட்டுமே சிந்தும். இது நல்ல சாதனமே. ஆனால் இதன் தத்துவம் நம் களிமண் உருண்டையின் தத்துவமேயன்றி வேறன்று. இரையைக் குறைவாக இடு, ஓரிடத்தில் இடு, மெல்ல வெளிவரும்படி இடு. இம்மூன்றுமே அதன் சாரம்.

மீனுக்கு இரைப்பை இல்லை

இம்முறை ஏன் பலிக்கிறது என்பதற்கு மீனின் உடலமைப்பே விடை கூறுகிறது. கெண்டை இனத்து மீன்களுக்குத் தாடையில் பற்கள் கிடையா. தொண்டையில்தான் பற்கள் உண்டு. அதைவிட முக்கியமானது, அவற்றுக்கு உணவைத் தேக்கி வைக்கும் இரைப்பையே கிடையாது. தின்றது நேரே குடலுக்குச் செல்லும். மாடு ஒரு வேளை மேய்ந்துவிட்டுப் படுத்து அசைபோடும். கெண்டை அவ்வாறு செய்ய இயலாது. அது சிறுகச் சிறுக, பலமுறை தின்னும் பிராணி. ஒரே நேரத்தில் ஒரு கூடை தீவனத்தைக் கொட்டினால், தின்ன முடிந்ததைத் தின்றுவிட்டு மிச்சத்தை விட்டுவிடும்.

மிச்சம் அழுகும். அழுகும் பொருள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைக் குடிக்கும், அம்மோனியா பெருகும். இரவெல்லாம் நீர்ப்பாசியும் பிராணவாயுவைச் செலவிடுவதால் விடியற்காலையில் அது மிகக் குறைந்திருக்கும். அந்நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டு, பசிக்கிறது போலும் என்று மேலும் தீவனம் இடுபவர்களை நாமே பார்த்திருக்கிறோம். அது பசியன்று, மூச்சுத் திணறல். அந்நிலையில் தீவனத்தை நிறுத்திப் புது நீர் பாய்ச்ச வேண்டும்.

கோயில் குளங்களில் அன்பர்கள் பொரி இடுவதைப் பற்றியும் ஒரு சொல் கூறுவோம். கைப்பிடிப் பொரி இடுவது ஜீவகாருண்யம். ஆயிரம் பேர் ஆளுக்கொரு பொட்டலம் கொட்டினால் அது மீனுக்குச் செய்யும் உபகாரமாகாது.

எந்த மீன் எந்த ஆழத்தில் இரை தேடும் என்பதையும் அறிய வேண்டும். கட்லாவின் வாய் மேல்நோக்கியது. அது மேல்மட்ட நீரில் நுண்ணுயிர்களை வடித்துத் தின்னும். ரோகு நடுநீரில் மேயும். மிர்கால் அடியில் தேடும். சாதாக் கெண்டை வாயோரத்து மீசைகளால் சேற்றைத் துழாவும். ஆகவே கட்லாவை நாடி அடிமண்ணில் உருண்டையை இட்டுக் காத்திருப்பது வீண். மிர்காலை நாடி மேலே மிதக்கும் தீவனம் வாங்குவதும் வீண். தக்கையை எந்த உயரத்தில் கட்டுவது என்று பழைய தூண்டில்காரர் நெடுநேரம் யோசித்தது இதனால்தான்.

பழையன எல்லாம் நல்லனவா?

பழைய முறைகளைப் போற்றும்போது அவற்றின் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. குட்டை நீரில் நச்சுக் காய்களை இடித்துப் போட்டு மீனை மயக்கிப் பிடித்ததும் பழைய முறைதான். அது குஞ்சையும் தாயையும் ஒருங்கே அழித்தது. புதுவெள்ளத்தில் எதிரேறி வரும் சினை மீனை மடக்கிப் பிடித்ததும் பழைய முறைதான். அது வரும் ஆண்டின் மீனை இவ்வாண்டே தின்றுவிடுவதாகும். ஓர் இரை உருண்டையைச் சுற்றி ஐந்தாறு முட்களைப் பதித்து எறியும் வழக்கமும் உண்டு. இரையைச் சப்ப வந்த மீன் செவுளிலும் கண்ணிலும் குத்துண்டு, பாதி அறுத்துக்கொண்டு ஓடிப் பின்பு இறக்கும். ஒரு கோலுக்கு ஒரு முள் என்பதே முறை.

இன்னொரு குறை பூசணம் பிடித்த பிண்ணாக்கு. மாட்டுக்கு ஆகாததை மீனுக்குப் போடு என்பது பல வீடுகளில் வழக்கம். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் பெருந்தொகையில் மடிந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது, பூசணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. நம் முன்னோர் அறியாத விஷயம் இது. நமக்கு அந்தச் சாக்கு இல்லை. பிண்ணாக்கைக் காய்ந்த இடத்தில், தரையில் படாமல், மரச்சட்டத்தின்மேல் அடுக்க வேண்டும். பூசணம் கண்டால் எருக்குழியில் இட வேண்டும், குளத்தில் இடலாகாது.

தூண்டிலிலிருந்து குளத்துக்கு

தூண்டில்காரர் அறிந்திருந்த உண்மையை மீன் வளர்ப்போர் பெரிய அளவில் கையாண்ட இடம் ஒன்று நமக்கு அருகிலேயே இருக்கிறது. கே.கே. நகரை அடுத்த எம்.ஜி.ஆர். நகர்ச் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். பனிக்கட்டியின்மேல் கட்லாவும் ரோகுவும் கிடக்கும். சென்னைக்கு வரும் இவ்வகை மீனில் பெரும்பகுதி ஆந்திரத்திலிருந்து லாரியில் வருவது. கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட கொல்லேறு ஏரிப் பகுதியில் நெல் விவசாயிகளே குட்டைகள் வெட்டிக் கெண்டை வளர்ப்பில் இறங்கினர்.

அவர்கள் தீவனத்தை வீசுவதில்லை. சாக்குப் பையின் அடிப்பகுதியில் வரிசையாகத் துளையிட்டு, அதில் எண்ணெய் நீக்கிய தவிட்டையும் பிண்ணாக்கையும் நிரப்பி, குட்டையில் நட்ட கழிகளிலோ கட்டிய கயிற்றிலோ தொங்கவிடுகிறார்கள். மீன்கள் வந்து துளையில் வாய்வைத்துச் சிறிது சிறிதாக உறிஞ்சித் தின்கின்றன. சில மணி நேரத்தில் பை காலியாகிறது. தூண்டில்காரரின் களிமண் உருண்டையும், மேனாட்டாரின் இரைக் கூண்டும், ஆந்திர விவசாயியின் துளைப் பையும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். இரைப்பையில்லாத மீனுக்கு அதன் இயல்பறிந்து ஊட்டுவதே மூன்றின் வேலையும்.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. பை என்பது குளத்தின் கணக்குப் புத்தகம். வீசிய தீவனத்தில் எவ்வளவு தின்றது, எவ்வளவு சேற்றில் போயிற்று என்று யாரும் சொல்ல முடியாது. பையைத் தூக்கிப் பார்த்தால் மிச்சம் தெரியும். மிச்சம் இருந்தால் மறுநாள் குறைக்கலாம். விரைவில் காலியானால் சற்றே கூட்டலாம். மேகமூட்டமான நாளில் மீன் தின்பது குறையும். அதையும் பையே சொல்லும்.

அளவுக்கு ஓர் உதாரணம் கூறுவோம். குட்டையில் 1,000 மீன்கள் இருப்பதாகவும், சராசரி எடை 200 கிராம் என்றும் கொள்வோம். மொத்த எடை 200 கிலோ. நாளொன்றுக்கு உடல் எடையில் நூற்றுக்கு 3 பங்கு என்று வைத்தால் 6 கிலோ தீவனம் வேண்டும். தவிடு 3 கிலோ, பிண்ணாக்கு 3 கிலோ. குஞ்சுப் பருவத்தில் நூற்றுக்கு 5 பங்கு வரை தேவைப்படும். மீன் வளர வளர 2 பங்கு வரை குறைக்க வேண்டும். மாதம் ஒருமுறை சில மீன்களை வலையில் எடுத்து நிறுத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு தவறாது. வெயில் ஏறி நீரில் பிராணவாயு கூடியபின் பையைக் கட்டுவதே நலம்.

கொல்லேற்றின் கதையில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. குட்டைகள் பெருகி ஏரியின் வயிற்றுக்குள்ளேயே புகுந்தன. 2006இல் ஏரிக்குள் எழுப்பப்பட்டிருந்த குட்டைக் கரைகளை அரசாங்கமே உடைக்க நேர்ந்தது. அவர்களிடமிருந்து நாம் கொள்ள வேண்டியது பையை, பேராசையையன்று.

நெசவாளரின் பங்கு

இனி நெசவாள அங்கத்தினருக்கு ஒரு சொல். ஆந்திரத்தில் தொங்கும் பைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் உரச் சாக்குகள். வெயிலிலும் நீரிலும் கிடந்து அவை இழை இழையாகப் பிரிந்து குளத்தில் கலக்கின்றன. இவ்வேலைக்கு நெருக்கமில்லாத நெசவில் முரட்டு நூற்பை ஏன் நெய்யக்கூடாது என்று நாம் கேட்கிறோம். நீரில் கிடக்கும் பருத்தி நாளடைவில் மக்கிவிடும்; அடிக்கடி பை மாற்ற வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மக்கிய பையை எருக்குழியில் இடலாம்; பிளாஸ்டிக் சாக்கை என்ன செய்வது? சணலும் பருத்தியும் கலந்து நெய்தால் உழைப்புக் கூடுமா என்பதைத் தறியிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். சாயமிட்ட கழிவுத் துணியைப் பையாகத் தைக்கலாகாது. சாயம் குளத்தில் இறங்கும். பாவுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சியை மீனுக்கு ஊற்றுவோரும் உண்டு. அரிசிக் கஞ்சிதானே என்று எண்ண வேண்டாம். பூசணம் பிடிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம். மயில்துத்தம் மீனுக்கு நஞ்சு.

பட்டுத் தொழிலில் உள்ளவர்க்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. இழை எடுத்தபின் எஞ்சும் கூட்டுப்புழுவில், உலர்ந்த எடையில் ஏறத்தாழப் பாதி புரதம். சீனத்தில் முத்தாற்றுக் கழிமுகத்தில் குளக்கரையில் மல்பெரி, மல்பெரியில் பட்டுப்புழு, புழுவின் எச்சமும் கூட்டுப்புழுவும் குளத்து மீனுக்கு, குளத்துச் சேறு மீண்டும் மல்பெரிக்கு என்று தலைமுறை தலைமுறையாக நடத்தி வந்தார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களில் பட்டு வளர்ப்போரும் மீன் வளர்ப்போரும் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறார்கள். கூட்டுப்புழுவில் கொழுப்பு மிகுதியாகையால் ஈரத்தோடு வைத்தால் விரைவில் காறல் ஏறிவிடும். நன்றாக உலர்த்தி, பொடித்து, தவிட்டோடு சிறு பங்காகக் கலந்தால் பிண்ணாக்குச் செலவில் ஒரு பகுதி மிச்சமாகும்.

யாருடைய தூண்டில்?

மீன் வளர்ப்பில் செலவாகும் பணத்தில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. ஆகவே தீவனம் யார் கையில் இருக்கிறதோ, இலாபமும் அவர் கையில்தான். இன்று பல ஊர்களில் தீவன வியாபாரியே மூட்டைகளைக் கடனாகத் தருகிறார். அறுவடைக் காலத்தில் மீனை அவர் சொன்ன விலைக்கு அவரிடமே போட வேண்டும். விலை குறைந்தால் கடன் நிற்கும். நின்ற கடனுக்காக அடுத்த ஆண்டும் அவரிடமே மூட்டை எடுக்க வேண்டும்.

இந்தக் கதை நெசவாள அங்கத்தினருக்குப் புதியதன்று. நூலைக் கடனாகக் கொடுத்துத் துணியைத் தன் விலைக்கு எடுத்துக்கொண்ட முதலாளியிடம் அவர்களுடைய பாட்டனார்கள் பட்ட பாடு இதுவேதான். அக்கட்டிலிருந்து விடுபடவே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின; 1935இல் அவற்றின் மத்திய அமைப்பாகக் கோ-ஆப்டெக்ஸ் எழுந்தது. நூல் என்ற இடத்தில் தீவனம் என்று எழுதினால் கதை அப்படியே பொருந்துகிறது. சூதில் வென்ற பொருளைத் தூண்டில் இரும்பை மீன் விழுங்கியதற்கு ஒப்பிட்டார் வள்ளுவர். கடனுக்கு வரும் தீவன மூட்டையும் அத்தகையதே. குளத்தில் மீன் இரையைத் தின்கிறது; கரையில் விவசாயி முள்ளை விழுங்குகிறார்.

ஒரு வரலாற்றுச் செய்தி இங்கே நினைவுகூரத் தக்கது. விவசாயிகளைக் கடன் தொல்லையிலிருந்து மீட்கும் வழியை ஆராய்ந்து, ஜெர்மனியின் ரைஃபைசன் முறைச் சங்கங்களைச் சென்னை மாகாணத்துக்குப் பரிந்துரைத்தவர் பிரெடரிக் நிக்கல்சன். அவருடைய அறிக்கை 1895இலும் 1897இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. 1904இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் திரூரில் கிராமச் சங்கமும், சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் தோன்றின. அதே நிக்கல்சன்தான் 1907இல் சென்னை மாகாண மீன் துறைக்கும் அடிகோலியவர். கடனையும் மீனையும் ஒரே மனிதர் சிந்தித்தது தற்செயல் அன்று என்றே நாம் கருதுகிறோம். மீனவனின் வலையும் விவசாயியின் ஏரும் நெசவாளியின் தறியும் வட்டிக்காரனிடம் அடகு கிடந்த காலம் அது. இன்று பண்ணைக்குட்டை அந்த வரிசையில் சேராமல் காப்பது நம் பொறுப்பு.

சங்கம் செய்ய வேண்டியது

கம்பெனித் தீவனத்துக்கு நாம் விரோதிகள் அல்லோம். நெருக்கமாக மீன் விட்டு வளர்க்கும் பெரிய பண்ணைக்கு, சமச்சீராகச் சத்துகள் சேர்ந்த மிதக்கும் குருணைத் தீவனம் ஏற்றதாக இருக்கலாம். ஆனால் மழைநீரை நம்பி, ஏக்கருக்குக் குறைந்த குட்டையில், சில நூறு மீன்களோடு நடத்தும் நம் அங்கத்தினருக்கு அது கட்டுப்படியாகுமா என்பதை விளம்பரம் முடிவு செய்யலாகாது. கணக்கு முடிவு செய்ய வேண்டும். அதற்கு மூன்று யோசனைகளைக் கூறுகிறோம்.

முதலாவது, ஒவ்வொரு சங்க எல்லையிலும் ஏறத்தாழ ஒரே அளவான இரண்டு குட்டைகளை எடுத்து ஒரு பருவம் சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே வகைக் குஞ்சு, ஒரே எண்ணிக்கை. கட்லா 4, ரோகு 3, மிர்கால் 3 என்ற விகிதம் பொருந்தும். ஒன்றில் தவிடும் பிண்ணாக்கும் பையில். மற்றொன்றில் வாங்கிய தீவனம். செலவு, மீன் எடை, விற்ற தொகை ஆகியவற்றை எழுதிப் பொதுச்சபையில் படிக்க வேண்டும். பழைய முறை தோற்றால் அதையும் மறைக்காமல் படிக்க வேண்டும்.

இரண்டாவது, தவிடும் பிண்ணாக்கும் மலிவாகக் கிடைக்கும் அறுவடைக் காலத்திலேயே சங்கம் மொத்தமாக வாங்கி, நன்கு உலர்ந்த கிடங்கில் வைத்து, அங்கத்தினருக்கு நியாய விலையில் தர வேண்டும். கடன் தேவைப்பட்டால் அது சங்கக் கடனாக இருக்கட்டும். மீனை எங்கே விற்பது என்ற சுதந்திரம் அங்கத்தினரிடமே இருக்கட்டும்.

மூன்றாவது, நெசவாளர் பிரிவு பத்து நூற்பைகள் நெய்து கொடுக்கட்டும். அவை எத்தனை நாள் உழைக்கின்றன என்று குட்டைக்காரர் எழுதி அனுப்பட்டும். நன்றாக உழைத்தால் தறிக்கு ஒரு சிறு வேலை பிறக்கும். உழைக்காவிட்டால் பத்துப் பைகளோடு நஷ்டம் நின்றுவிடும்.

தூண்டில் போடும் நகரத்து இளைஞர்க்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அனுமதி உள்ள இடத்தில் மட்டும் போடுங்கள். ஒரு முள் போதும். இரையைக் கைப்பிடிக்கு மேல் இடாதீர்கள். அளவு சிறிய மீனையும் சினை மீனையும் ஈரக் கையால் பிடித்து நீரில் விட்டுவிடுங்கள். அறுந்த நரம்பைக் கரையில் விட்டு வராதீர்கள். அது பறவையின் காலில் சுற்றும். உறையில் வரும் இரையை வாங்குமுன், ஒரு முறையாவது வீட்டுத் தவிட்டை வறுத்துப் பாருங்கள்.

நாம் சொல்லும் விஷயம் சிறியதுதான். ஆனால் கைப்பிடித் தவிட்டை எங்கே, எப்போது, எவ்வளவு இடுவது என்று அறிந்தவன் இன்னொருவரின் மூட்டையை எதிர்பார்த்து நிற்க மாட்டான். அந்த அறிவு நம் கிராமங்களில் இன்னும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கும் முதியவர் ஒருவரைக் கேட்டால் சொல்லுவார். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நல்லது. அங்கத்தினர்கள் தங்கள் ஊரில் வழங்கும் இரை முறைகளையும், பை கட்டிப் பார்த்த அனுபவத்தையும் நமக்கு எழுதினால், வரும் இதழ்களில் மகிழ்ச்சியோடு வெளியிடுவோம்.